சோலாருக்கு முன்னால் தீர வேண்டிய கணக்கு: கார்பன் சமநிலைக் குடியிருப்பு வடிவமைப்பு

கார்பன் சமநிலைக் குடியிருப்பு, அதாவது தான் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்தும் ஈடுகட்டியும் கணக்கைப் பூஜ்யமாக்கும் குடியிருப்பு, என்று சொல்லி வரும் திட்டப் படங்களைப் பார்த்தால் மொட்டை மாடி முழுக்க சோலார் பேனல் இருக்கும், பால்கனி எல்லாம் செடி இருக்கும், தெருவில் நாலு சைக்கிள் நிற்கும். தரைக்குக் கீழே பேஸ்மென்ட் பார்க்கிங் இருப்பது மட்டும் படத்தில் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் குடியிருப்பின் கார்பனில் கணிசமான பங்கு அங்கேதான் புதைந்து கிடக்கும்.

ஒரு குடியிருப்பு கார்பன் சமநிலைக்கு வருமா வராதா என்பது பெரும்பாலும் மனைப் படம் வரையும்போதே தீர்ந்துவிடுகிறது. கார் எங்கே நிற்கும், தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளி, எத்தனை தளம், ஓர் ஆளுக்கு எத்தனை சதுர மீட்டர் என்ற கேள்விகளுக்கு அங்கேதான் பதில் எழுதப்படுகிறது. சோலார், பேட்டரி, ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்கோ தண்ணீருக்கோ ஏற்றும் கருவி) எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. முதலில் கோட்டை விட்டதை அவற்றால் மீட்டுத் தர முடியாது. ஏன் என்று எண்களை வைத்தே பார்ப்போம்.

எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது

கட்டிடத்தின் கார்பன் கணக்குக்கு ஐரோப்பியத் தரமான ஈ.என். 15978 ஒரு சட்டகம் கொடுத்திருக்கிறது. ‘ஏ’ பிரிவு: பொருளைத் தோண்டி எடுப்பது, தயாரிப்பது, தளத்துக்குக் கொண்டுவருவது, கட்டுவது. ‘பி’: குடியேறிய பிறகு ஆகும் மின்சாரம், தண்ணீர், பழுது, மாற்றீடு. ‘சி’: இடிப்பதும் அப்புறப்படுத்துவதும். ‘டி’: பழைய பொருள் வேறொரு கட்டிடத்துக்குப் பயன்பட்டால் கிடைக்கும் வரவு. இந்த ‘டி’யைத் தனியாகத்தான் எழுத வேண்டும், மொத்தத்தில் கலக்கக் கூடாது. பல அறிக்கைகள் ‘பி’யில் வரும் மின்சாரத்தை மட்டும் எடுத்து, அதைச் சோலாரால் ஈடுகட்டிவிட்டு, ‘சமநிலை’ என்று முடித்துவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு அதையே கடைசி வரை கொண்டுபோகலாம். 100 வீடு, வீட்டுக்கு 80 சதுர மீட்டர், தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளம், கான்கிரீட் சட்டகம். பேஸ்மென்டைச் சேர்க்காமல் சதுர மீட்டருக்கு 500 கிலோ கார்பன் டை ஆக்சைடு கட்டுமானத்திலேயே போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 40 டன் ஆகிறது. ஆட்கள் குடியேறிய அன்று இந்த 40 டன்னும் ஏற்கெனவே காற்றில் இருக்கும்.

குடியேறிய பிறகு சதுர மீட்டருக்கு வருடம் 40 யூனிட் மின்சாரம் ஆகிறது என்றால், வீட்டுக்கு 3,200 யூனிட். கிரிட்டில், அதாவது பொது மின் கட்டமைப்பில், ஒரு யூனிட்டுக்கு அரை கிலோ கார்பன் என்று வைத்தால் வருடத்துக்கு 1.6 டன். கட்டும்போது போனது 25 வருட மின்சாரத்துக்குச் சமம். அதோடு முடியவில்லை. கிரிட் வருடா வருடம் சுத்தமாகி 25 வருடத்தில் பூஜ்யத்துக்கு வந்தால், அந்த 25 வருடத்துக்கும் சேர்த்து மின்சாரக் கணக்கு 20 டன்தான் வரும். கட்டுமானத்தின் 40 டன்னில் பாதி! கிரிட் எவ்வளவு வேகமாகச் சுத்தமாகிறதோ, அவ்வளவுக்குக் கட்டுமானக் கார்பனின் பங்கு ஏறும்.

பார்க்கிங் கட்டிடத்தை வரைகிறது

பேஸ்மென்டில் ஒரு கார் நிற்க, சாய்தளமும் ஓடுபாதையும் சேர்த்து, சுமார் 30 சதுர மீட்டர் வேண்டும். அடியில் ராஃப்ட் (கட்டிடத்தின் அடி முழுக்கப் பரவும் ஒரே கான்கிரீட் அடித்தளம்), மேலே ஸ்லாப், சுற்றிலும் மண்ணைத் தாங்கும் சுவர். சதுர மீட்டருக்கு 0.8 கன மீட்டர் கான்கிரீட் என்றால் ஒரு காருக்கு 24 கன மீட்டர். கன மீட்டருக்கு 300 கிலோ கார்பன் என்று போட்டாலே 7 டன் தாண்டுகிறது. கம்பியைச் சேர்த்தால் 10 டன் பக்கம் வந்து நிற்கும். வீட்டுக்கு ஒரு கார் என்றால் 100 வீட்டுக்கு 1,000 டன். மேலே உள்ள வீடுகள் அத்தனையும் சேர்த்தே 4,000 டன்தான்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது தூண் இடைவெளி. இரண்டு தூணுக்கு நடுவே மூன்று கார் நிற்க 7.5 மீட்டர் தெளிவான அகலம் வேண்டும். தூணோடு சேர்த்தால் 8 மீட்டர். ஒரு வீட்டின் அறை அளவுக்கு 4.5 அல்லது 5 மீட்டர் இடைவெளி தாராளம். ஆனால் கீழே கார் நிற்கிறது என்பதற்காக மேலே நான்காவது தளம் வரைக்கும் 8 மீட்டர் இடைவெளியே போகிறது. 5 மீட்டருக்கு 175 மில்லிமீட்டர் ஸ்லாப் போதும் என்ற இடத்தில் 8 மீட்டருக்குச் சுமார் 260 தேவைப்படும். வித்தியாசம் 85 மில்லிமீட்டர். சதுர மீட்டருக்கு 25 கிலோ கார்பன், 8,000 சதுர மீட்டருக்கு 200 டன். கம்பியும், கூடுதல் எடையைத் தாங்கும் அடித்தளமும் தனி. இடைவெளியை மாற்ற மனமில்லாமல் தரைத்தளத்தில் டிரான்ஸ்ஃபர் பீம் (மேல் தூணின் சுமையைக் கீழே வேறிடத்தில் உள்ள தூண்களுக்குக் கடத்தும் பீம்) போட்டு மேலே தூணை நகர்த்துவது உண்டு. ஒன்றரை மீட்டர் ஆழ பீம்கள் வந்ததும், மேலே மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, காரைக் கட்டிடத்துக்கு அடியிலிருந்து வெளியே எடுப்பது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் உள்ள ஃபௌபான் பகுதி இதைச் செய்து காட்டியது. 1992-இல் பிரெஞ்சுப் படை காலி செய்த பாசறை நிலத்தில், பெரும்பாலான வீட்டுத் தெருக்களில் கார் நிறுத்த இடமே வைக்காமல், குடியிருப்பின் ஓரத்தில் பொது நிறுத்தக் கட்டிடங்கள் கட்டினார்கள். கார் வைத்திருப்பவர் அங்கே இடத்தைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். கார் இல்லாதவர் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கார் இடத்துக்குத் தனி விலை என்ற இந்த ஏற்பாடுதான் உயிர்நாடி என்று நினைக்கிறேன். வீட்டு விலையிலிருந்து கார் இடத்தின் விலையைப் பிரித்துக் காட்டினால்தான் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் பிறக்கும். 2006-இல் டிராம் உள்ளே வந்தது. அப்படி ஒரு மாற்று கையில் இல்லாமல் பார்க்கிங்கை மட்டும் குறைத்தால் கார்கள் நடைபாதையில் ஏறும்.

ஓரத்து நிறுத்தக் கட்டிடத்தை நிலமட்டத்துக்கு மேலே, திறந்த பக்கங்களோடு, தட்டையான தளங்களாக, கழற்றக்கூடிய போல்ட் இணைப்பு ஸ்டீல் சட்டகத்தில் கட்டலாம். தேவை குறைந்தால் பிரித்து எடுக்கலாம், அல்லது வேறு வேலைக்கு மாற்றலாம். சாய்வான தளங்களாகக் கட்டினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கார் ஓட்டத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். வருடம் 10,000 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 170 கிராம் என்றால் 1.7 டன். வீட்டு மின்சாரம் முழுவதையும்விட இது கூடுதல். போக்குவரத்தை எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டால், நகரத்திலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி மலிவு நிலத்தில் கட்டிய குடியிருப்பும் சமநிலைச் சான்றிதழ் வாங்கிவிடும். பள்ளி, மளிகை, பேருந்து நிறுத்தம் மூன்றும் 400 மீட்டர் நடைக்குள் இருக்கிறதா என்பதை நிலம் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். வாங்கிய பிறகு எந்த வடிவமைப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கான்கிரீட்டை எங்கே குறைப்பது

சிமென்டின் சிக்கல் எரிபொருளில் மட்டும் இல்லை. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறக்கும். சூளைக்குச் சூரிய மின்சாரமே கொடுத்தாலும் இந்த 44 போகத்தான் செய்யும். சூளையில் சுட்டெடுத்து, அரைத்துச் சிமென்டாக்கும் கட்டிதான் கிளிங்கர். அதன் உமிழ்வில் பாதிக்கு மேல் கல்லுக்குள்ளிருந்தே வருவது. அதனால் கிளிங்கரைக் குறைப்பதுதான் நேர்வழி.

இதற்கு இப்போது கையில் இருக்கும் நல்ல வழி எல்.சி.3 என்ற கலவை: கிளிங்கர் 50 சதவீதம், சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5. கிளிங்கருக்கு 1,450 டிகிரி வேண்டும். களிமண்ணுக்கு 700 முதல் 850 போதும். சாதாரண சிமென்டோடு ஒப்பிட்டால் 30 முதல் 40 சதவீதம் வரை உமிழ்வு குறைகிறது. நிலக்கரிச் சாம்பலும் (ஃப்ளை ஆஷ்) இரும்பு உலைக் கசடும் கிளிங்கருக்கு மாற்றாக நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. ஆனால் நிலக்கரி மின் நிலையங்களும் பழைய உலைகளும் மூடப்பட மூடப்பட அவற்றின் வரத்து குறையும். கிடைக்கும் கசடு எல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவரின் கான்கிரீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் சந்தையில், உங்கள் திட்டம் அதை வாங்கினால் இன்னொரு திட்டம் கிளிங்கருக்குத் திரும்பும். காகிதத்தில் குறைந்தது காற்றில் குறைந்திருக்காது.

தளத்தில் எங்கே தவறுகிறது என்றால், சென்ட்ரிங் பிரிக்கும் நாளில். மாற்றுக் கலவைகள் முதல் வாரத்தில் மெதுவாகத்தான் வலுவேறும், குளிர்காலத்தில் இன்னும் மெதுவாக. அட்டவணையோ ஏழு நாளில் பலகையை எடுக்கச் சொல்கிறது. ஒப்பந்ததாரர் பயந்து கன மீட்டருக்குச் சிமென்டை 50 கிலோ கூட்டிவிடுவார். மாற்றுக் கலவையால் மிச்சமானதில் பாதி அப்படியே போய்விடும். இதற்குத் தீர்வு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. அடித்தளத்துக்கும் ராஃப்டுக்கும் 28 நாள் வலிமைக்குப் பதில் 56 அல்லது 90 நாள் வலிமையைக் குறிப்பிடுங்கள், அவற்றின் மேல் முழுச் சுமை ஏற மாதக்கணக்கில் ஆகும். ஸ்லாபுக்கு ஒரு செட் சென்ட்ரிங் கூடுதலாக வாங்கிக் கொடுங்கள். கன மீட்டருக்கு இத்தனை கிலோ கார்பனுக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பையும் கலவைக் குறிப்பிலேயே எழுதுங்கள். வெறும் ‘பசுமைக் கான்கிரீட்’ என்று எழுதினால் எதுவும் வரும்.

மண் பரிசோதனையில் பிடிக்கும் சிக்கனம் இன்னொரு கசிவு. ஐந்து கட்டிடங்களுக்கு மூன்று போர் துளை மட்டும் போட்டு அறிக்கை வாங்கினால், ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் மிக மோசமான போரை வைத்துத்தான் எல்லாவற்றையும் வடிவமைப்பார், அது அவர் பொறுப்பு. கட்டிடத்துக்கு இரண்டு மூன்று போர் கூடுதலாகப் போட்டால் எங்கே தனித்தனி ஃபுட்டிங் போதும், எங்கே ராஃப்ட் வேண்டும் என்று பிரித்துப் பார்க்கலாம். கார்பனைக் குறைக்க இதைவிட மலிவான வழி கட்டிடக் கலையில் அதிகம் இல்லை. மேடுபள்ளமான நிலத்தில் வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும் ஈடாகும்படி தரைமட்டங்களை வைத்தால் லாரி ஓட்டமும் குறையும்.

வெட்டிய மண்ணிலிருந்தே சுவர் எழுப்பலாம். அழுத்திய மண் கட்டிக்கு 5 சதவீதம் சிமென்ட் சேர்த்தால் கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ சிமென்ட் ஆகும், கார்பன் 85 கிலோ. வலு வரவில்லை என்று 10 சதவீதமாக்கினால் கணக்கு இரட்டிப்பாகும். வலு வராததற்குப் பெரும்பாலும் காரணம் சிமென்ட் குறைவு இல்லை, மண்ணின் சேர்மானம் சரியில்லாததுதான். களிமண் 20 சதவீதத்தை ஒட்டியும் மணல் 50 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும்படி முதலில் கலந்து பாருங்கள். ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணாக இருந்தால் சிமென்ட் சரிப்படாது, சுண்ணாம்பு வேண்டும். கட்டிகளைச் செய்த அன்றே மூடி ஈரம் காத்து நான்கு வாரம் க்யூரிங் செய்ய வேண்டும். வெயிலில் அடுக்கிவைத்த கட்டிகளின் ஓரங்கள் உதிர்வதைப் பார்த்துவிட்டு மண் கட்டியே மோசம் என்று முடிவு கட்டுவது பல தளங்களில் நடக்கிறது.

மரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கன மீட்டருக்கு 500 கிலோ எடையுள்ள உலர்ந்த மரத்தில் பாதி கார்பன். அது கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சுமார் 917 கிலோ. இதைக் கழித்துக் காட்டியே கட்டிடத்தை ‘மைனஸ்’ கார்பன் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். கட்டிடத்தின் ஆயுள் முடிந்து அந்த மரம் எரிந்தாலோ மக்கினாலோ அத்தனையும் திரும்பி வரும். ஆகவே சேமிப்பைத் தனி வரியில் எழுத வேண்டும், வெட்டிய காட்டில் மறு நடவு நடந்ததற்குச் சான்று வேண்டும். கட்டும்போது மழையில் நனைந்த மரப் பலகைகளை அப்படியே மூடிவிடுவது இன்னொரு பெரிய தவறு. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். மூடும் முன் ஒவ்வொரு இணைப்பிலும் ஈரமானி வைத்து அளந்து எழுதி வைக்க வேண்டும். பத்து வருடத்தில் மாற்ற வேண்டி வந்தால் அந்த மரத்துக்காக எழுதிய வரவு முழுவதும் பொய்.

ஸ்டீலுக்கு ஒரு வரி போதும்: பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கிய கம்பியின் உமிழ்வு, தாதுவிலிருந்து ஊது உலையில் எடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வரலாம், ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

வெயிலும் இடைவெளியும்

வெப்பமான பகுதியில் கட்டிடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்திருக்க வேண்டும். உச்சி வெயிலை ஓர் அறுபது சென்டிமீட்டர் சன்ஷேடு தடுத்துவிடும். மாலை வெயில் தாழ்வாக வந்து நேரே ஜன்னலுக்குள் விழும், அதை எந்த சன்ஷேடும் தடுக்காது. கண்ணாடிக்கு வெளியே மறைப்பு வைத்தால் வெப்பம் வெளியிலேயே நிற்கும். உள்ளே திரை போட்டால் வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. மின்விசிறி சுழலும் அறையில் ஏசியை இரண்டு மூன்று டிகிரி கூட்டி வைத்தாலும் உடலுக்கு அதே சுகம் கிடைக்கும். விசிறிக் கொக்கி இல்லாமல் ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடுகளில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது.

குளிர்ப் பகுதியில் பிரச்சினை தலைகீழ். 12 மீட்டர் உயரக் கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கும் தரைத்தள வீட்டுக்குக் குளிர்கால நண்பகல் வெயில் விழ வேண்டும். சூரியன் 20 டிகிரி உயரத்தில் இருக்கும் ஊரில் அதற்கு 33 மீட்டர் இடைவெளி தேவை. 40 டிகிரி உள்ள ஊரில் 14 மீட்டர் போதும். ஒரு ஹெக்டேரில் எத்தனை வீடு என்ற கேள்விக்கு இந்தக் கோணம்தான் பதில் சொல்கிறது. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் முதன்முதலாகக் கட்டிக் காட்டிய பாசிவ் ஹவுஸ் முறை, சூடேற்ற சதுர மீட்டருக்கு வருடம் 15 யூனிட் என்ற வரம்பையும், 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணிக்கு 0.6 தடவைக்கு மேல் காற்று மாறக் கூடாது என்ற வரம்பையும் வைக்கிறது. இந்தக் கசிவுச் சோதனையைப் பூச்சுக்கும் சீலிங்குக்கும் முன்பே நடத்த வேண்டும். வீட்டை முடித்துவிட்டு நடத்தினால் ஓட்டை எங்கே என்று தெரிந்தாலும் அங்கே கை போகாது.

2001-இல் ஸ்வீடனின் மால்மோவில் திறந்த போ01 குடியிருப்பில் பல கட்டிடங்கள் திட்டமிட்டதைவிடக் கூடுதல் ஆற்றலைச் செலவழித்தன. கடலைப் பார்த்து வைத்த பெரிய கண்ணாடிப் பரப்புகளும் குளிர் கடத்தும் இணைப்புகளும் கணினிக் கணக்கில் சரியாக ஏறவில்லை. காட்சிக்காக ஒரு கண்ணாடியைக் கூட்டும்போது அதன் யூனிட் கணக்கை அதே நாளில் மறுபடி ஓட்ட வேண்டும் என்பது அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம்.

கூரை எவ்வளவு தாங்கும்

நம் 100 வீட்டுக்கு வருவோம். 8,000 சதுர மீட்டரோடு படிக்கட்டு, வராந்தா 20 சதவீதம் சேர்த்தால் 9,600. நான்கு தளத்துக்குப் பிரித்தால் கூரை 2,400 சதுர மீட்டர். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, கைப்பிடிச் சுவரின் நிழல், நடக்க வழி எல்லாம் கழித்தால் 60 சதவீதம், அதாவது 1,440 சதுர மீட்டர் மிஞ்சும். சதுர மீட்டருக்கு 200 வாட் என்றால் 288 கிலோவாட், வீட்டுக்கு 2.9 கிலோவாட்.

ஒரு கிலோவாட் வருடத்துக்கு 1,400 யூனிட் தரும் வெயில் இருந்தால், 3,200 யூனிட்டுக்கு 2.3 கிலோவாட் போதும். மிச்சம் 0.6. அதில் லிஃப்ட், பம்ப், தெருவிளக்கு ஒரு பங்கைத் தின்றுவிடும். இனி அந்த 40 டன்னை எப்படி அடைப்பது? கிரிட்டுக்கு ஏற்றும் ஒரு கிலோவாட் முதல் வருடம் 0.7 டன் மிச்சம் பிடிக்கும். ஆனால் கிரிட் சுத்தமாக ஆக அந்த வரவும் தேயும், 25 வருடத்தில் மொத்தம் 8.75 டன்தான். 40 டன்னுக்கு இன்னும் 4.6 கிலோவாட் வேண்டும், பேனல் தயாரிப்பின் கார்பனையே இதில் கழிக்கவில்லை. அதாவது வீட்டுக்கு 7 கிலோவாட். கூரை தருவது 2.9. எட்டுத் தளமாக உயர்த்தினால் அதுவும் பாதியாகும்.

இதனால்தான் முதலில் சொன்ன வரிசை. 40 டன்னை 20 ஆக்கும் வேலை படத்தில் நடக்காவிட்டால் கூரையில் அதற்கு இடமே கிடையாது. பேஸ்மென்டை எடுப்பது, தூண் இடைவெளியைச் சுருக்குவது, கிளிங்கரைக் குறைப்பது, 80 சதுர மீட்டர் வீட்டை 68-இல் அதே அறைகளோடு வரைவது. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் பேச விரும்புவதில்லை. ஆனால் அது ஒரே அடியில் எல்லா வரிகளையும் 15 சதவீதம் குறைக்கும்.

உற்பத்தியும் தேவையும் ஒரே நேரத்தில் வராது என்பது அடுத்த சிக்கல். நண்பகலில் 288 கிலோவாட் வரும், வீடுகளில் 50 கிலோவாட்தான் ஓடும். எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் ஏற்றும்போது மின்கம்பியின் கடைசி முனையில் மின்னழுத்தம் ஏறும். வரம்பைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரத்தில் இருக்கும் வீடுகளுக்குத்தான் இது முதலில் நடக்கும், அவர்கள் பேனல் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் வைப்பதும் கேபிள் தடிமனைக் கூட்டுவதும் மனைப் படக் கட்டத்தில் சுலபம். பேட்டரிக்கு முன்னால் வெந்நீர்த் தொட்டியைப் பயன்படுத்துங்கள். 200 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்றினால் 8 யூனிட் வெப்பம் சேமிப்பாகிறது. ஹீட் பம்ப் மூன்று மடங்கு திறனில் ஓடினால் அதற்கு 2.7 யூனிட் மின்சாரம் போதும். அதை நண்பகலில் ஓடும்படி டைமர் வைத்தால் வேலை முடிந்தது.

பொதுக் குழாயும் குளிரூட்டி வாயுவும்

மையக் கொதிகலனிலிருந்து எல்லா வீட்டுக்கும் வெந்நீர்க் குழாய் என்பது காகிதத்தில் அழகு. காப்பிட்ட ஜோடிக் குழாய் மீட்டருக்கு 15 வாட் இழந்தால் வருடத்துக்கு 131 யூனிட். அந்த ஒரு மீட்டரின் வழியே 1,500 யூனிட் போனால் இழப்பு பெரிதில்லை. வீடுகளை நன்றாகக் காப்பிட்டு, நெருக்கமும் குறைவாக இருந்து, 400 யூனிட் மட்டும் போனால் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குப் போகிறது. நல்ல சுவரும் பெரிய குழாயும் ஒன்றுக்கொன்று எதிரி. அப்படிப்பட்ட இடத்தில் 10 முதல் 25 டிகிரி நீரைச் சுற்றவிட்டு வீட்டுக்கு வீடு சிறு ஹீட் பம்ப் வைப்பதே சரி.

தெற்கு லண்டனில் 2002-இல் முடிந்த பெட்செட் குடியிருப்பு, 82 வீடுகள், இந்தத் துறையின் முன்னோடி. காப்பும் வெயில் அறைகளும் இன்றும் வேலை செய்கின்றன. மரச்சில்லுகளை வாயுவாக்கி மின்சாரமும் வெந்நீரும் தர வைத்த இயந்திரம் சில வருடங்களிலேயே நின்றது, எரிவாயுக் கொதிகலன்கள் வந்தன. கழிவுநீரைச் செடிகளால் சுத்தம் செய்யும் அமைப்பும் நடத்தச் செலவு தாங்காமல் நின்றது. அசையாத பாகங்கள் நிலைத்தன, இந்த அளவில் யாரும் நீண்ட நாள் ஓட்டிப் பார்க்காத இயந்திரங்கள் விழுந்தன. அபுதாபியின் மஸ்தார் நகரில் தெருவையே தூக்கி மேடையில் வைத்து, அடியில் ஓட்டுநர் இல்லா வண்டிகளுக்கு வழி விட்டார்கள். அந்த வண்டிகள் முதல் கட்டத்தோடு நின்றன, மேடைக்கான கான்கிரீட் அங்கேயே இருக்கிறது. பதினைந்து வருடத்தில் மாறக்கூடிய ஓர் இயந்திரத்துக்காக நூறு வருடச் சட்டகத்தை வடிவமைக்கக் கூடாது.

குளிரூட்டி வாயுவைப் பல கணக்குகள் மறந்தே விடுகின்றன. ஏசியிலும் ஹீட் பம்பிலும் இருக்கும் ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால் 2.09 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு வீட்டின் முழு வருட மின்சாரம் 1.6 டன் என்பதை நினைவில் வையுங்கள். ஆர்-32 என்றால் கிலோவுக்கு 0.675 டன். ஆர்-290, அதாவது புரொப்பேன், கணக்கிலேயே வராத அளவு, ஆனால் எரியும், அதனால் யூனிட்டை வெளியில் வைக்க வேண்டும். ஒரே வெளி யூனிட்டிலிருந்து பல மாடிகளுக்கு நீளக் குழாய் இழுக்கும் அமைப்பில் 30 கிலோ ஆர்-410ஏ இருந்தால், அது மொத்தமும் கசிந்த அன்று 60 டன்னுக்கு மேல் போய்விடும். குழாய் இணைப்புகளைச் சுவருக்குள் புதைக்காமல் கைக்கெட்டும்படி விடுவது, நைட்ரஜன் அழுத்தச் சோதனையை 24 மணி நேரம் வைப்பது, பழைய யூனிட்டைக் கழற்றும்போது வாயுவைச் சிலிண்டரில் பிடிப்பது ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

செப்டிக் டேங்க் மீத்தேன் விடும், மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்கு கடுமை. முடிந்தால் பொதுக் கழிவுநீர் இணைப்பு, இல்லையென்றால் வாயுவைப் பிடித்து எரிக்கும் மூடிய அமைப்பு. மரம் நடுவது நிழலுக்கும் மழைநீருக்கும் நல்லது. கார்பனுக்கு வளர்ந்த மரம் வருடத்துக்கு இருபது கிலோ பக்கம்தான் இழுக்கும். 200 மரம் 4 டன். அதை வரவில் பெரிதாக எழுதுவது நேர்மையில்லை.

கணக்கை மூடுவது

கார்பன் சமநிலைக்கென 2023-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 14068-1 தரம், முதலில் குறைப்பு, மிஞ்சியதற்கு மட்டும் வெளியே வாங்கும் ஈட்டு வரவு (கார்பன் கிரெடிட்) என்ற வரிசையைக் கேட்கிறது. என் பார்வையில் அந்த மிச்சத்தை மறைக்காமல் டன்னில் எழுதுவது, சமநிலை என்ற சொல்லைவிட முக்கியம்.

எழுதும் எண் வடிவமைப்பு எண்ணாக இருக்கக் கூடாது, அளந்த எண்ணாக இருக்க வேண்டும். வீடு, லிஃப்ட், பம்ப், வெந்நீர், சார்ஜிங், சோலார் என்று தனித்தனி மீட்டர் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஒரே மெயின் மீட்டர் இருந்தால் கூடுதல் செலவு எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. நள்ளிரவு இரண்டு மணி ரீடிங்கை மட்டும் ஒரு வாரம் பாருங்கள். எதுவும் ஓடக்கூடாத நேரத்தில் ஓடும் பம்ப், அணையாத காற்றோட்ட விசிறி, வெந்நீர்த் தொட்டியின் மின் ஹீட்டர் ஹீட் பம்புக்குப் பதில் தானே எரிவது எல்லாம் அங்கே பிடிபடும். குறைந்தது இரண்டு கோடையும் இரண்டு குளிர்காலமும் கடந்த பிறகே இயக்கக் கணக்கை வெளியிட வேண்டும்.

கட்டுமானக் கணக்குக்கும் இதே விதி. டெண்டர் அளவுப் பட்டியலில் இருந்த கான்கிரீட்டும் தளத்துக்கு வந்த கான்கிரீட்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பள்ளம் அதிகமாக வெட்டப்பட்டு நிரப்பியது, மீந்த லாரியைக் கொட்டியது, இடித்துத் திரும்பப் போட்டது எல்லாம் பட்டியலில் இருக்காது. ரெடிமிக்ஸ் லாரிச் சீட்டுகளில் கன மீட்டரும் கலவை எண்ணும் இருக்கும், கம்பிக்கு எடைமேடைச் சீட்டு இருக்கும். மாதக் கடைசியில் பில் பாஸ் பண்ணும் அதே ஆள், அதே சீட்டுகளை வைத்து, கார்பன் பட்டியலிலும் ஒரு வரி ஏற்ற வேண்டும். கட்டி முடித்த பிறகு தேடினால் அந்தச் சீட்டுகள் கிடைக்காது.